தாய்மாமன் வாங்க வேண்டிய வண்டி

1

என்னை ஓடச் சொன்னது டாக்டர்தான். கரூரிலிருந்து மலேசியாவில் இந்த ஈப்போவுக்கு வந்து சேர்ந்து இந்த மாதத்தோடு ஆறு வருடம். அதைக் கொண்டாடத்தானோ என்னவோ, கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை இன்னும் வரல. ஆனா வாசல்ல வந்து நிக்குது" என்றார் டாக்டரம்மா. "தினமும் அரை மணி நேரம் ஓடுங்க" என்றும் சொன்னார். கரூரில் இருந்தவரை நான் ஓடியது பஸ்ஸைப் பிடிப்பதற்கு மட்டும்தான். இங்கே அந்தப் பழக்கமும் விட்டுப்போயிற்று.

ஓடலாம். ஆனால் கையில் குழந்தை இருக்கிறது. என் மனைவி மாலதி இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், மருத்துவமனையில் நர்ஸ். ஷிஃப்ட் மாறி மாறி வரும். நான் வீட்டில் உட்கார்ந்தபடியே கணினியில் கணக்கு வேலை பார்ப்பவன். ஆகவே பத்து மாத மகள் தாமரைக்குப் பாதி நாள் அம்மாவும் நான்தான். ஊரில் இருக்கும் என் நண்பர்கள் இதை அறிந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வருடா வருடம் குடிநுழைவு அலுவலகத்தில் மாலதி என் பக்கத்தில் நின்று, "ஆமாம், இவர் இன்னும் என் புருஷன்தான், ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்" என்று சொன்னால்தான் எனக்கு இங்கே தங்க அடுத்த வருடத்துக்கான பாஸ் கிடைக்கும். அந்த நிலைமையில் இருப்பவன் டயப்பர் மாற்ற மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

ஆக, குழந்தையையும் தள்ளிக்கொண்டு ஓட ஒரு வண்டி வேண்டும் என்று முடிவாயிற்று. அந்த வண்டி எங்கள் மகளின் காதுகுத்தையே நிறுத்திவிடப் பார்க்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

2

ஸ்ட்ரோலர் என்று இங்கே எல்லோரும் சொல்லும் தள்ளுவண்டியில், ஓடுகிறவர்களுக்கென்று மூன்று சக்கரத்தில் தனி ரகம் உண்டு. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு, ஏறக்குறைய நம் ஊர் ஆட்டோ. அதில் ஒரு சிக்கல். சக்கரம் பெரிதாக இருந்தால் ஓட வசதி, ஆனால் மடித்தாலும் எங்கள் சின்னக் காரின் டிக்கியில் ஏறாது. கைக்கு அடக்கமாக மடிகிற ரகத்துக்கோ சக்கரம் பன் ரொட்டி அளவுதான், சாக்கடைக் கால்வாய் மூடியின் கம்பிக்குள் போய் மாட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றைக் கண்டுபிடிப்பது என்று ஒரு மாதம் உட்கார்ந்தேன்.

காற்றடைத்த டயரா, ரப்பர் டயரா. கைப்பிடியில் பிரேக் உண்டா. முன்சக்கரத்தைத் திரும்பாமல் பூட்ட முடியுமா. குழந்தைக்குத் தோளிலும் இடுப்பிலும் காலிடையிலும் பெல்ட் உண்டா. வெயிலுக்கு இழுத்துவிடக் குடை எவ்வளவு தூரம் வரும். ராத்திரி படுக்கையிலும் நான் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு மாலதி, "என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னால இவ்வளவு விசாரிச்சீங்களா?" என்று கேட்டாள். விசாரிக்கவில்லை என்பதுதான் உண்மை. அதைச் சொல்வது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் அடுத்த வீடியோவைத் தட்டினேன்.

கடைக்குப் போனதும் என் மலாய் கை கொடுக்கவில்லை. "மூன்று சக்கரம்" என்று மலாயில் கேட்டேன். கடைக்காரச் சீன அம்மா அன்போடு என்னைக் கூட்டிப்போய், பிள்ளைகள் மிதிக்கிற சைக்கிள்களின் முன் நிறுத்தினார். கடைசியில் நானே கையை நீட்டிக் கடைக்குள் ஓடிக் காட்டிப் புரியவைத்தேன். தாமரை வீட்டில் மாலதியோடு தூங்கிக்கொண்டிருந்ததால், அவள் எடைக்குப் பக்கத்தில் வருகிற ஓர் அரிசி மூட்டையைக் காரில் கொண்டுவந்திருந்தேன். அதை வண்டியில் உட்காரவைத்து, பெல்ட் எல்லாம் போட்டு, பால்டின் அலமாரிக்கும் டயப்பர் அலமாரிக்கும் இடையே ஓட்டிப் பார்த்தேன். வயதான ஒரு பெண்மணி குழந்தையைக் கொஞ்ச வேண்டும் என்று ஆசையாகக் குனிந்தார். நிமிர்ந்தபோது என்னை அவர் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். கடைக்கார அம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அரிசிக்கு இந்த நிறம் பொருந்துகிறது என்றார்.

வாங்கிவிட்டேன். சாம்பல் நிறம், நடுத்தரச் சக்கரம், இரண்டு அசைவில் மடியும், டிக்கியில் ஏறியது. உலகத்தை வென்ற மாதிரி வீட்டுக்கு வந்தேன். தாமரையை உட்காரவைத்ததும் அவள் பெல்ட்டைக் கடித்துக்கொண்டே "நக்" என்றாள். வேண்டும் என்பதற்கு மலாயில் அப்படித்தான் சொல்வார்கள். பக்கத்து வீட்டு மலாய் அக்காவிடம் கற்றுக்கொண்ட முதல் சொல். அப்பா என்ற சொல்லுக்காக நான் காத்திருக்கிறேன். அது எந்த மொழியில் வந்தாலும் எடுத்துக்கொள்வதாக இருக்கிறேன்.

3

குணா மாலதியின் ஒரே தம்பி. ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தாமரை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே ஸ்பிரிங் தொட்டில் கொண்டுவந்து கட்டியவன். இங்கே தொட்டிலுக்கு மேலே பெரிய ஸ்பிரிங் ஒன்று தொங்கும், பிள்ளை பக்கவாட்டில் ஆடாமல் மேலும் கீழுமாக ஆடும். அவர்கள் குடும்பத்தில் தொட்டிலும் தாய்மாமன் வாங்க வேண்டும், வண்டியும் தாய்மாமன் வாங்க வேண்டும். பீடோர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்து அப்படித்தான். வண்டி என்று அவர்கள் சொல்வது நடைவண்டியை. மூன்று சக்கரம் வைத்து, பிள்ளை பிடித்துக்கொண்டு நடை பழகுமே, அதுதான். பிள்ளையின் முதல் வண்டி மாமன் கையால் வாசலுக்குள் வர வேண்டும்.

இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் தொழிற்சாலையில் ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள், குணாவுக்குக் கை கொஞ்சம் இறுக்கம் என்று மாலதி சொல்லியிருந்தாள். பாவம், அவனுக்கு எதற்குத் தொந்தரவு என்று என் பெரிய மனசு நினைத்தது. மேலும், இது ஸ்ட்ரோலர்தானே, நடைவண்டி அல்லவே என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை குணா வந்தான். கூடத்தில் நின்ற வண்டியைப் பார்த்தான்.

"இது என்னா மச்சான்?"

கேட்டதுதான் தாமதம், நான் ஆரம்பித்துவிட்டேன். மடித்துக் காட்டினேன், விரித்துக் காட்டினேன். பிரேக்கை அழுத்தினேன். மூன்று சக்கரத்தையும் தனித்தனியாகச் சுற்றிவிட்டேன்.

"பாப்பாவுக்கு வண்டியா?"

"வண்டிதான் மாப்ளை. ஓடவும் ஆகும், பசாருக்குப் போகவும் ஆகும்."

"யாரு வாங்குனா?"

"நான்தான். உனக்கு இப்ப ஓவர்டைம் இல்லைன்னு உங்க அக்கா சொன்னா. எதுக்கு உனக்கு வீண் சிரமம்னுதான்."

அன்பாகத்தான் சொன்னேன். சத்தியமாக அன்பாகத்தான். குணா கையிலிருந்த தேத்தண்ணியைப் பாதியில் வைத்தான்.

"பரவால்லண்ணே. நான் வாரேன்."

ஆறு வருடமாக மச்சான் மச்சான் என்று கூப்பிட்டவன். அண்ணே என்பது இங்கே பெட்ரோல் ஸ்டேஷனில் முன்பின் தெரியாதவரைக் கூப்பிடுகிற சொல். அவன் மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனை தாண்டட்டும் என்று மாலதி காத்திருந்தாள். பிறகு பேசினாள்.

"அவனுக்கு ஓவர்டைம்தான் இல்ல. மாமன் வேலையும் இல்லைன்னு நீங்க சொல்லிட்டீங்க."

பதினோராம் மாதம் தாமரைக்குக் காது குத்துவதாக நாள் குறித்தாகிவிட்டது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். குணா போனை எடுக்கவில்லை. எடுத்த ஒரு முறையும், "பாப்போம்லா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

"வேற யார் மடியிலயும் உக்கார வெக்க மாட்டேன். அவன் வரலைன்னா காது குத்தில்ல. எம்புள்ள மூளிக் காதோடவே இருக்கட்டும்" என்றாள் மாலதி. நர்ஸ் ஆயிற்றே, ஊசி போடுகிற குரலிலேயே சொன்னாள்.

4

நியாயம் கேட்க வேறு ஆள் இல்லாமல் கரூரில் இருக்கும் என் அக்கா செல்விக்குப் போன் செய்தேன். என் பக்கத்து நியாயத்தை எல்லாம் அடுக்கினேன். அவளுடைய கஷ்டகாலம், வண்டியின் சிறப்பம்சங்களையும் கேட்க வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ பண்ணுனது தப்புடா தம்பி" என்றாள். அவ்வளவுதான். அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று வைத்துவிட்டாள்.

அவள் வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் என்னை உறுத்தியது. அவள் மகன் கதிருக்கு மூன்று வயதில் எங்கள் குலதெய்வக் கோயிலில் காது குத்த ஏற்பாடு செய்தாள். நான்தான் தாய்மாமன், வேறு யாரும் இல்லை. டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது பாஸ் புதுப்பிக்கிற தேதி அதே வாரத்தில் வந்து விழுந்தது. போக முடியவில்லை. "பெரியப்பா மகன் முருகேசன் மடியில வெச்சுக் குத்திருங்க, தோடு நான் அனுப்புறேன்" என்றேன். அக்கா, "சரி" என்றாள்.

அன்றைக்குக் குடிநுழைவு அலுவலகத்தில் எண் சீட்டை வைத்துக்கொண்டு, போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு படமும் வரவில்லை. அக்காவுக்குக் கோபம் என்று நினைத்தேன். அப்புறம் அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. முருகேசன் மடியில் என் அக்கா பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் பார்க்காமல் இருப்பதே நல்லது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அந்த வருத்தம் போகவில்லை. மாலதியிடம்கூடச் சொல்லவில்லை.

எனக்குக் கடல் குறுக்கே நின்றது. குணாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை, மோட்டார் சைக்கிளில் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுகிற தூரம்தான். அவனுக்கும் அவன் அக்கா பிள்ளைக்கும் குறுக்கே நான் போய் நின்றிருக்கிறேன், அதுவும் இவ்வளவு பெருமையோடு.

5

அடுத்த நாள் காலை தாமரையை வண்டியில் வைத்துக்கொண்டு எங்கள் வீடு இருக்கும் சிலிபினிலிருந்து குணா வீடு இருக்கும் ஜெலாப்பாங்குக்கு ஓடக் கிளம்பினேன். காரில் போயிருக்கலாம். ஆனால் டாக்டர் சொன்னதையும் முடித்தமாதிரி இருக்கும், மனம் திருந்தியவன் என்ற தோற்றமும் கிடைக்கும் என்று நினைத்தேன். காலில் புதுச் சப்பாத்து, புது டி-ஷர்ட், தலையில் ஒரு பட்டை வேறு.

ஒரு மாதம் படித்தவனுக்கு, ஓடும்போது முன்சக்கரத்தைப் பூட்ட வேண்டும் என்பது மட்டும் மறந்துவிட்டது. வண்டி ரோட்டோரக் கால்வாய்ப் பக்கமே இழுத்தது, நான் இந்தப் பக்கம் இழுத்தேன். தாமரைக்கு ஒரே சிரிப்பு. ஒரு வீட்டு நாய் துணைக்கு வந்தது, அப்புறம் அடுத்த வீட்டு நாயும் சேர்ந்துகொண்டது. பயத்தில் நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருந்தால் டாக்டரம்மா மகிழ்ந்திருப்பார். பாதித் தூரத்துக்கு மேல் நடந்துதான் போனேன், வண்டியை நான் தள்ளினேனா, வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேனா என்று சொல்வது கடினம்.

குணா பனியனோடு வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினான்.

"என்னாண்ணே இது? ஜெலாப்பாங் வரைக்கும் புள்ளயத் தள்ளிக்கிட்டா வந்தீங்க? லோரி ஓடுற ரோடுலா இது!"

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "இந்த வண்டி உங்கிட்டயே இருக்கட்டும் மாப்ளை. காதுகுத்து அன்னிக்கு நீ கொண்டுவா. உன் சீராவே இருக்கட்டும். யாருக்குத் தெரியப்போகுது?"

அவன் முகம் இன்னும் கறுத்தது. "நீங்க காசு குடுத்து வாங்குனத நான் சீர்னு தூக்கிட்டு வரணுமா? என்னை என்னான்னு நெனச்சிட்டீங்க?"

ஒரு முறை அவமானப்படுத்தியது போதாதென்று, வீடு தேடிப் போய் இரண்டாம் முறையும் அவமானப்படுத்திவிட்டேன். மூச்சு வாங்கியது. கெட்டிக்காரத்தனமாகப் பேச இனி என்னிடம் ஒன்றும் இல்லை.

"குணா, எங்க அக்கா பையனுக்குக் காது குத்துனப்ப நான் இங்க பாஸுக்கு உட்கார்ந்திருந்தேன். வேற ஒருத்தன் மடி குடுத்தான். இன்னிக்கு வரைக்கும் அந்தப் பையன்கிட்ட போன்ல பேசறப்பகூட எனக்குக் கூசுது. உனக்கு அப்படி ஆகிறக் கூடாதுடா. கோவம்னா என்னைத் திட்டு, அடிக்கக்கூடச் செய். மடிய மட்டும் புள்ளைக்குக் குடுத்துரு."

குணா பெல்ட்டைக் கழற்றித் தாமரையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். அவள் அவன் பனியனைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"உக்காருங்க. மொதல்ல தண்ணி குடிங்க" என்றான். "இங்க எங்கயும் விழுந்து கிழுந்து வெச்சிராதீங்க. அக்கா என்னைத்தான் கேக்கும்."

வருவதாகவும் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நண்பனின் வேனைக் கேட்டு வாங்கி, எங்களையும் வண்டியையும் ஏற்றிக் கொண்டுவந்து வீட்டில் விட்டான். இறங்கும்போது, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டான். குறை சொல்லத்தான் கேட்கிறான் என்று நினைத்து, கடைப் பெயரை முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

6

பீடோர் தாண்டி மாலதி குடும்பம் இருந்த தோட்டத்தில் இப்போது ரப்பர் மரமும் இல்லை, தொழிலாளர் இருந்த லயத்து வீடுகளும் இல்லை. எங்கு பார்த்தாலும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. நடுவில் மாரியம்மன் கோயில் மட்டும் தகரக் கூரையோடு இருக்கிறது. அங்கேதான் காதுகுத்து. ஆசாரி வந்து ஊசியைத் துடைத்து வைத்துவிட்டார். பூசாரி இரண்டு முறை மணி பார்த்தார். "தாய்மாமன் வந்தாச்சா?" என்று அவர் கேட்க, மாலதி செம்மண் ரோட்டையே பார்த்துக்கொண்டு, "வருவான்" என்றாள். எனக்கு யார் முகத்தையும் பார்க்கத் துணிவு இல்லை.

நேரம் தாண்டப்போகிற சமயத்தில் அந்த நண்பனின் வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. புது வேட்டியில் குணா இறங்கினான். பின்கதவைத் திறந்து ஒரு வண்டியை இறக்கி, இரண்டே அசைவில் விரித்தான். அதே ஸ்ட்ரோலர். அதே சக்கரம், அதே குடை. நிறம் மட்டும் சிவப்பு.

"அதேதான் வாங்குனியா?" என்றேன்.

"பின்ன? ஒரு மாசமா அலசி எடுத்தீங்கள்லா மச்சான், நல்லாத்தானே இருக்கும்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "கடைக்கார ஆன்ட்டி அரிசி சவுக்கியமான்னு கேட்டுச்சி. என்னா அது?" என்றான்.

மாலதி சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பூசாரி சும்மா இருப்பாரா? புது வண்டி என்றால் பூஜை போடாமல் எடுக்கக் கூடாது என்று, சந்தனம் குங்குமம் இட்டு, மூன்று சக்கரத்துக்கும் கீழே மூன்று எலுமிச்சம்பழம் வைத்தார். தாமரையை உட்காரவைத்துக் குணா தள்ளினான். பழங்கள் நசுங்கின. நம்பர் பிளேட் எங்கே என்று யாரோ கேட்டார்கள். என் சாம்பல் வண்டியை விற்றுவிடுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். வருத்தமே இல்லை.

குணா சம்மணம் போட்டு உட்கார்ந்து தாமரையை மடியில் வாங்கிக்கொண்டான். நான் அக்காவுக்கு வீடியோ அழைப்புப் போட்டு, போனைத் தூக்கிப் பிடித்தேன். கரூரில் அப்போதுதான் பொழுது விடிந்திருந்தது. ஆசாரி முதல் காதில் ஊசியை வைத்ததும் தாமரை வீறிட்டாள். குணா அவளை அணைத்துக்கொண்டு தன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அக்கா அந்தப் பக்கம், "அவ்வளவுதான் கண்ணு, அவ்வளவுதான் சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஐந்து வயதுக் கதிர் போனைப் பிடுங்கி முகத்தோடு ஒட்டிக்கொண்டான்.

"பாப்பா ஏன் மாமா அழுவுது?"

"காது குத்துறாங்கடா தங்கம். உனக்குந்தான் குத்துனாங்க. மறந்துட்டியா?"

"எனக்குக் குத்தலையே."

குழந்தைக்கு நினைவில்லை என்று நினைத்தேன். "அம்மாகிட்ட குடு" என்றேன். அக்கா வந்தாள்.

"அக்கா, முருகேசன் மடியில வெச்சு..."

"முருகேசன் மடி எதுக்குடா?" என்றாள். "தாய்மாமன்னு நீ ஒருத்தன் இருக்கறப்ப? நீ அனுப்புன தோடு பீரோவுலதான் இருக்கு. நீ வந்தப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன். உங்கிட்ட சொன்னா அங்க உக்கார்ந்துட்டு நீ மனசு சங்கடப்படுவ."

இந்த இரண்டு வருடமும் வாரம் தவறாமல் அந்தப் பையனோடு பேசியிருக்கிறேன். ஒரு வண்டியின் ஆணி வரைக்கும் பார்த்து வாங்குகிற எனக்கு, அவன் காதைப் பார்க்கத் தோன்றியதே இல்லை. பின்னால் ஆசாரி தாமரையின் இரண்டாவது காதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கதிர் மறுபடியும் போனை வாங்கிக்கொண்டான். "எனக்கு எப்ப மாமா?" என்று கேட்டுவிட்டு, எனக்கு நன்றாகத் தெரியட்டும் என்று தலையைச் சாய்த்து, வெறும் காதைத் திரை முழுக்கக் காட்டினான்.